கேட்க வருபவரிடமும் கேளுங்கள்
மாநாட்டு நிரலை, அதாவது எந்த உரை எந்த அறையில் எப்போது என்ற அட்டவணையை, கணினியிடம் விட்டால் அரங்கும் நேரமும் மோதாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் அது எளிதான பாதிதான். எனக்கு வேண்டிய இரண்டு உரைகளும் 11 மணிக்கே வெவ்வேறு அறைகளில் என்றால் ஒன்று போச்சு. ஆய்வாளர்கள் கூசன்ஸ், ஸ்பீக்ஸ்மா உள்ளிட்டோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு கைவைத்தது இந்த இடத்தில்தான். பங்கேற்பாளர்களிடம் முன்கூட்டியே விருப்பப் பட்டியல் வாங்கி, தவறிப்போகும் உரைகளை முழு எண் நிரலாக்கம் (முழு எண்களில் மட்டும் சிறந்த விடையைத் தேடும் கணித முறை) மூலம் முதலில் குறைத்தார்கள். அப்புறம்தான், அமர்வின் நடுவே எழுந்து பக்கத்து அறைக்கு ஓடும் அவதியைக் குறைத்தார்கள். இந்த வரிசை மிகச் சரி. பெல்ஜியத்தின் லூவனில் நடந்த, விளையாட்டில் கணிதம் பற்றிய மாத்ஸ்போர்ட் 2013 மாநாட்டுக்கு இப்படித்தான் நிரல் போட்டார்கள். விருப்பம் கேட்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.