மீதிக் காசு எங்கிருந்து வருகிறது?

எங்கள் வீட்டு ஹாலில் வாரத்துக்கு மூன்று நாளாவது கடை திறந்துவிடும். முதலாளி என் மகள், வயது 5. சரக்கு என்று பார்த்தால் பொம்மைகள், பல் உடைந்த சீப்பு, என் மூக்குக்கண்ணாடிக் கூடு. பணத்துக்குக் காகிதத்தில் வெட்டிய நோட்டும் சட்டைப் பொத்தானும். ஒரு நாள் நான் கடைக்காரன், அவள் வாங்க வந்தவள். ஒரு நோட்டைக் கொடுத்து யானைப் பொம்மையை வாங்கினாள். மீதியாக மூன்று பொத்தான் கொடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, ஒண்ணுதான் குடுத்தேன், யானையும் வந்துச்சு, மூணு காசும் வந்துச்சு!" அடுத்த நிமிடம் யானையை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு நோட்டை நீட்டினாள். "பொம்மை வேணாம், மீதி மட்டும் குடுங்க."

திருத்தலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அவள் வயதுக்கு அந்தக் கணக்கு சரிதான். இரண்டு வரிசையிலும் ஒரே எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளிப் பரப்பினால், அதில்தான் அதிகம் இருக்கிறது என்று சின்னக் குழந்தைகள் சொல்வதை உளவியலாளர் ழான் பியாஜே எப்போதோ காட்டிவிட்டார். கண்ணுக்கு எது நிறையத் தெரிகிறதோ அதுவே நிறைய. கடையில் தரும் மீதிதான் பணம் கிடைக்கும் வழி என்று நம்பும் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் சந்தித்திருக்கிறார்கள். கைபேசியைக் காட்டிவிட்டுப் பொருளை எடுத்துவரும் நம்மைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் காசு கைமாறுவதே தெரியாது. அதனாலேயே இந்தப் பொத்தான் வியாபாரம் முன்பைவிட இப்போது அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நம்மில் பலர் விளையாட்டைப் பாடமாக்கிக் கெடுத்துவிடுகிறோம். "அஞ்சுல மூணு போனா எத்தனை? சொல்லு, சொல்லு" என்று ஆரம்பித்தால் கடை அன்றோடு மூடப்படும். நானும் மூடவைத்திருக்கிறேன்.

கஸ்டவ் யஹோடா என்ற உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கிளாஸ்கோவில் பள்ளிப் பிள்ளைகளைக் கடைக்காரராக நடிக்கவைத்து, விற்கவும் சரக்கு வாங்கவும் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் வாங்கும் விலை, விற்கும் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது சின்னவர்களுக்குப் பிடிபடவே இல்லை. பத்து, பதினொன்று வயதை ஒட்டித்தான் லாபம் என்பது புரிகிறது. இதைப் படித்த பிறகு 10 வயதாகும் என் மகனை மொத்த வியாபாரியாக உட்காரவைத்தேன். தங்கை அவனிடம் இரண்டு பொத்தானுக்கு வாங்கி, எனக்கு அதே இரண்டு பொத்தானுக்கு விற்றாள். நாள் முழுக்க அமோக வியாபாரம். கடைசியில் கல்லாவை எண்ணிய அண்ணன்தான் கேட்டான்: "அப்புறம் எதுக்கு இவ கடை வெச்சிருக்கா?" அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கடை வைத்தால் ஜாலியாக இருக்கிறதே! சரி, அவளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.

அவள் வயதில் பழகக்கூடியது வேறொன்று: கையில் இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மூன்று நோட்டோடு வந்தால் மூன்று நோட்டுக்குத்தான் சரக்கு. அழுதாலும் நான்காவதை நாம் நீட்டக் கூடாது. விளையாட்டில் அழுகை மலிவு, பத்து நிமிடத்தில் ஆறிவிடும்.

காத்திருப்பதைப் பற்றிப் பேசினால் உடனே மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயை வைத்துச் செய்த சோதனையை இழுப்பார்கள். ஒன்றை இப்போதே தின்னலாம், பொறுத்திருந்தால் இரண்டு என்ற அதே சோதனைதான். பொறுமை பிள்ளையின் குணம் என்று முடிவு கட்டிவிடுவது நமக்கு வசதி. ஆனால் 2013-இல் வெளியான, ஆய்வாளர் செலஸ்ட் கிட் குழுவின் ஆய்வில் முதலில் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்கள், நல்ல வரைபொருள் கொண்டுவருகிறோம் என்று. பாதிப் பேரிடம் வாக்கைக் காப்பாற்றினார்கள், பாதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். பிறகு அதே மிட்டாய்ச் சோதனை. சொன்ன சொல் நின்றதைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஆய்வில் இருந்தது 28 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

காரணம், உண்டியல். அவசரத்துக்குச் சில்லறை இல்லை என்று அவள் உண்டியலைக் கவிழ்த்து மூன்று நாணயம் எடுத்தேன். "சாயங்காலம் போட்டுடறேன்மா" என்றேன். போடவில்லை. எத்தனை வீட்டில் இது நடக்கிறது! சேமிக்கச் சொல்லிக்கொடுப்பதும் நாம்தான், அந்த உண்டியலில் கைவைப்பதும் நாம்தான்.

அடுத்த வாரம் கடை விளையாட்டில் நான் கடன் கேட்டேன். முதலாளி முறைத்தாள். ஒரு தாளைக் கொண்டுவந்து, எழுதத் தெரியாததால் மூன்று வட்டம் போடச் சொன்னாள். பொத்தானுக்கு என்று நினைத்துப் போட்டேன். "இல்லப்பா, இது உண்டியலுக்கு" என்றாள். தாள் இப்போது உண்டியல் மேல் ஒட்டியிருக்கிறது. ஒரு காசு போட்டால் ஒரு வட்டத்தை அவளே அடிக்கிறாள். இன்னும் ஒரு வட்டம் பாக்கி.