பேய் வீட்டு மர்மத்தை எப்போது உடைப்பது?

பேய் வீட்டுக் கதை எழுதுவது பற்றிய ஒரு கட்டுரை, வீட்டின் ரகசியத்தைக் கடைசி அத்தியாயம் வரை பொத்தி வைக்கணும்னு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திகிலோடு காதலும் இருக்கிற கதைக்கு அது ஒத்தே வராது.

1847-இல் வந்த 'ஜேன் அயர்' நாவலைப் பாருங்கள். மொத்தம் 38 அத்தியாயங்கள். மாடியில் ஒரு மர்மச் சிரிப்பு 11-இல் கேட்கிறது, 15-இல் வீட்டு எஜமானர் ராச்செஸ்டரின் படுக்கை தீப்பிடிக்கிறது, 20-இல் விருந்தாளி கடிபட்டு ரத்தம் வழியக் கிடக்கிறார். 26-இலேயே, ராச்செஸ்டரின் மனைவி மாடியில் அடைபட்டிருக்கிறாள் என்ற உண்மை வெளிவந்துவிடுகிறது! உண்மை தெரிந்த பிறகு காதல் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் 12 அத்தியாயங்கள் மிச்சம்.

அந்தத் தீக் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். அந்த வீட்டில் ஆசிரியையாக இருக்கும் கதாநாயகி ஜேன் தண்ணீரைக் கொட்டி அணைக்கிறாள். ராச்செஸ்டர் அவள் கையை விடாமல் பிடித்து நன்றி சொல்கிறார், அதே மூச்சில் பழியை வேலைக்காரி மேல் போக விடுகிறார். நெருக்கமும் சந்தேகமும் ஒரே காட்சியில். புதிதாக எழுதுபவர்கள் பேய்க்கு ஒரு அத்தியாயம், காதலுக்கு ஒரு அத்தியாயம் என்று பிரித்துவிடுவதால்தான் இரண்டுமே நீர்த்துப்போகிறது.

இன்னொன்று, எழுதும் முன் வீட்டின் வரைபடத்தைப் போட்டு வையுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் படிக்கு இடப்பக்கம் இருந்த பூட்டிய அறை இருபதாவதில் வலப்பக்கம் போனால் வாசகருக்குப் பயமே வராது.