பத்தாவது முடிந்ததும் டிசி வாங்க அவசரப்படாதீர்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு எங்கள் பக்கத்து ஊர்களில் தனியார் பள்ளி ஆட்கள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் 480க்கு மேல் எடுத்த பிள்ளை இருக்கிற வீடுதான் அவர்களுக்குக் குறி. "ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலும் ஃப்ரீ, டிசி மட்டும் வாங்கிட்டு வாங்க" என்பார்கள். கூலி வேலைக்குப் போகிற அம்மா அப்பாவுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறென்ன இருக்க முடியும்?

அந்த டிசியோடு சேர்ந்து என்ன போகிறது என்பதை மட்டும் வந்தவர்கள் சொல்வதே இல்லை.

ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. (கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பதாவதில் இருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு.) இதற்காகத் தமிழக அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கேட்டது; 2020இல் மருத்துவத்துக்கு 7.5 சதவீதம் என்று சட்டம் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பதினோராவதுக்குத் தனியாருக்கு மாறினால் ஆறாவதில் இருந்து சேர்த்த தகுதி அத்தனையும் அன்றோடு போயிற்று. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் வரவேண்டிய மாதம் 1000 ரூபாயும் போகும். இரண்டு வருட ஃபீஸை மிச்சப்படுத்தப் போய், நான்கைந்து வருட கல்லூரிச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

சரி, அங்கே படிப்பாவது வேறா? மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இரண்டு இடத்திலும் அதே புத்தகம், பொதுத்தேர்வில் அதே வினாத்தாள். டெஸ்டும் ஸ்டடியும் தனியாரில் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பிளஸ் ஒன் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அரையாண்டுக்கு முன்பே பன்னிரண்டாவது பாடம் தொடங்கியிருக்கிறது. பதினோராவதில் வரவேண்டிய வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் இரண்டுக்கும் சேர்த்து நாலு பக்கம்கூட இல்லை. இந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பதினோராவது பாடத்தைத் தாண்டிக் குதிக்கிற பள்ளிகளுக்கு இருந்த ஒரே கடிவாளமும் அதோடு அவிழ்ந்துவிட்டது என்பது எனக்குப் பெரிய கவலை. நீட்டில் பாதிக்குப் பாதி பதினோராவது பாடம்தான். பொறியியல் முதல் செமஸ்டர் கணக்கில் பிள்ளைகள் திணறுவதற்கும் இந்த ஓட்டை ஒரு காரணம்.

அதனால் எந்தப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தாலும், வாசலில் கட்டியிருக்கும் பிளக்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே இப்போது பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ஒன்றைப் பிடித்து, அதன் பிளஸ் ஒன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளி எல்லாமே சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இயற்பியலுக்கோ கணக்குக்கோ முதுகலை ஆசிரியர் இல்லாமல் மாதக்கணக்கில் வகுப்பு நடக்காத பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பிள்ளையை விட்டுவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அதற்கு வழி தனியார் மட்டும்தானா? பக்கத்து டவுனில் ஆசிரியர் முழுசாக இருக்கிற இன்னொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவீதத் தகுதி அப்படியே இருக்கும். பஸ் பாஸ் இலவசம். சேர்க்கைக்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள்: எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகத் தற்காலிகமாக யாரையாவது போட்டிருக்கிறார்களா, அவர் என்றைக்கு வருகிறார். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். அதுவரை டிசியில் கை வைக்காதீர்கள்.