கொசுவலையை நம்பி இருக்க முடியாது

ஆடுமாடுகளைத் தாக்கும் நீலநாக்கு என்ற வைரஸ் நோய் பற்றிய உங்கள் கட்டுரையில் கொட்டகைக்குக் கொசுவலை கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நோயைப் பரப்பும் கூலிகாய்டிஸ் என்ற கடிக்கிற குட்டிப் பூச்சியே 1 முதல் 3 மில்லிமீட்டர்தான், சாதாரண வலைக்கண்ணில் சுலபமாகப் புகுந்துவிடும். நோய் தொற்றினாலும் மாடு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ரத்தத்தில் வாரக்கணக்கில் வைரஸ் இருக்கும். பெரும்பாலும் செம்மறிக்கும் அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கும்தான் உயிர் போகும்.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்தது 2021-இல் மலேசியாவுக்கு வந்த தோல் கழலை நோய். மாட்டின் கழுத்தைத் தடவினால் முண்டுமுண்டாகக் கெட்டியாகத் தட்டுப்படும், பாலும் குறையும். அதைப் பரப்புவது கடிக்கிற ஈ, கொசு, உண்ணி. செம்பனைக்கு நடுவே மேய்கிற மாட்டுக்கு எங்கே போய் வலை கட்டுவது? தடுப்பூசி போடுங்கள், கொட்டகையோரம் ஈரச் சாணியைத் தேங்க விடாதீர்கள். நீலநாக்கு மனிதருக்குத் தொற்றாது என்பதையும் எழுதியிருக்கலாம், இல்லாவிட்டால் இங்கே பலர் பயந்து பால் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள்!