சுடுகாட்டுக்குப் போகிற பாதை யாருடையது?

எங்கள் ஊர்த் தாத்தா ஒருவரின் சாவு ஊர்வலத்தை அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு முன்னால் மறித்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முழுசாக விவரிக்க எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பாடையைத் தோளில் ஏற்றிவிட்டால் இறக்குவதற்கென்று ஒரு இடம் உண்டு, அதைத் தவிர வேறு எங்கேயும் தரையில் வைக்க மாட்டோம். அந்த கேட்டுக்கு முன்னால், கார்களுக்கு நடுவில், வைக்க வைத்தார்கள். அந்தத் தாத்தாவின் பேத்தி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

செக்யூரிட்டித் தம்பியைத் திட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒடிசாவிலிருந்து வந்து பன்னிரண்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கிற பையன், மேலே இருந்து சொன்னதைச் செய்தான். என் கோபமெல்லாம் காரை விட்டு இறங்கி வந்து "வேற வழியா எடுத்துட்டுப் போங்க" என்றவர் மேல்தான். அதைவிட அதிகமாக, அன்று சாயங்காலம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவருக்குக் கை தட்டியவர்கள் மேல். எனக்கு அதை யார் அனுப்பினார்கள் என்று கேட்காதீர்கள். அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

வேற வழி என்று ஒன்று கிடையாது. அதுதான் பாதை. உங்கள் குடியிருப்பு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே கிராம வரைபடத்தில் வண்டிப்பாட்டை என்று இருக்கிறது. வி.ஏ.ஓ. ஆபீசில் நிலக் கணக்கு எழுதியிருக்கும் அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள், புறம்போக்கு என்று போட்டிருக்கும். பில்டர் அதன்மேல் கல் பதித்து, இரண்டு பக்கமும் அலங்காரப் பனை நட்டு, வளைவு கட்டிவிட்டால் அது உங்கள் வாசலாகிவிடுமா? அதை யாரும் உங்களுக்கு விற்கவில்லை. விற்கவும் முடியாது.

இறந்தவர் யார் என்று தெரியுமா? எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மடையை எப்போது திறப்பது, எந்தக் கழனிக்கு எத்தனை நேரம் தண்ணீர் விடுவது, எல்லாம் அவர் கையில் இருந்தது. விளம்பரத்தில் 'லேக் வியூ' என்று போட்டு உங்களுக்கு விற்றார்களே, அதே ஏரிதான். 2015 டிசம்பரில் உங்கள் கார் பார்க்கிங் மூழ்கியபோது ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் இருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி பக்கிங்காம் கால்வாயில் விழும் என்று அதிகாரிகளுக்கு நடந்து காட்டியவர் அவர். இடுப்பளவு தண்ணீரில், கையில் ஒரு கம்போடு. கால்வாயை மறித்துக் கட்டியிருந்த மதிலை அவர் காட்டிய இடத்தில்தான் ஜேசிபி வைத்து உடைத்தார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த மனிதரைத்தான் ஐந்து நிமிஷம் ரோட்டில் கிடத்தினீர்கள்.

"நாங்க கோடி ரூபாய் போட்டு வாங்கியிருக்கோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, வாங்கினீர்கள். வீட்டை வாங்கினீர்கள். ஊரை வாங்கவில்லை. நானும் சிறுசேரி சிப்காட்டில்தான் வேலை செய்கிறேன், மாசத் தவணையின் பாரம் எனக்கும் தெரியும். காலையில் கம்பெனி பஸ், ராத்திரி திரும்பி வந்தால் மொபைல் ஆப்பில் சாப்பாடு, சனி ஞாயிறு மால். நடுவில் இருக்கிற ஊர் கண்ணிலேயே படுவதில்லை. நீங்கள் குளிக்கிற தண்ணீர் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இருந்து லாரியில் வருகிறது. 2019 கோடையில் எங்கள் தெருக்குழாயில் காற்று வந்தது, உங்கள் கேட்டுக்குள் டேங்கர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது எங்கள் பாதையை மறித்து நின்ற லாரிகளை யாரும் வேற வழியாகப் போகச் சொல்லவில்லை.

அடுத்து, "நிலத்தை நீங்கதானே நல்ல விலைக்கு வித்தீங்க, இப்ப என்ன அழுகை?" இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பாவுக்கு விற்பதற்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. காலனியில் பாதிப் பேருக்கு இல்லை. இதே செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எங்கள் மக்களின் நிலைமை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார், அதற்கடுத்த வருஷம் எங்களைப் போன்ற ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பஞ்சமி நிலம் கொடுக்க வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். அந்த நிலமெல்லாம் யார் கையில் போயிற்று என்று பேசினால் இன்றைக்கு முடியாது. ஏரித்தண்ணீர் வரும் கால்வாயை முதல் லேஅவுட் அடைத்தது, கீழ்க்கழனி காய்ந்தது, காய்ந்ததும் புரோக்கர் வந்தான். நிலக்காரர்களுக்குப் பணம் கிடைத்தது. நடவும் களையும் அறுப்பும் செய்தவர்களுக்கு வேலை போயிற்று. அம்மா உங்கள் மாதிரி ஒரு குடியிருப்பில்தான் பாத்திரம் தேய்த்தாள். வீட்டுவேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட். ஒருநாள் அது பழுதாகிவிட, மற்ற லிஃப்ட் காலியாக நிற்கும்போதே முட்டிவலியோடு ஒன்பது மாடி ஏறினாள். வீட்டுக்கு வந்து எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள், ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போல. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்குப் பழகவில்லை.

இப்போது சிலர் நியாயமாகக் கேட்பது போலக் கேட்கிறார்கள், ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. எந்தச் சாவு ஊர்வலத்திலாவது ஆம்புலன்ஸுக்கு வழி விடாமல் நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா? பறையை நிறுத்திவிட்டு ஓடிப்போய் வண்டிகளை ஒதுக்கிவிடுகிறவர்களே ஊர்வலத்துப் பையன்கள்தான். பூ இறைத்தது குப்பையா? கூட்டித் தள்ளிவிடலாம். சரவெடி? அதில் நியாயம் இருக்கிறது, கைக்குழந்தைகள் இருக்கிற இடம், கேட் பக்கம் வெடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் பையன்கள் கேட்டிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை. போலீஸுக்குத்தான் போன் போட்டார்கள்.

உண்மையில் வலிக்கிறது எது தெரியுமா? இந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் பாட்டன் காலத்தில் ஊர்த்தெரு வழியாகக் காலனிப் பிணம் போகக்கூடாது என்றார்கள். வரப்பு மேல் தூக்கிப் போனார்கள், மழைக்காலத்தில் சேற்றில் விழுந்து எழுந்து. அதற்காகச் சண்டை போட்டு, தாசில்தார் ஆபீஸ் படியேறி, அடி வாங்கித்தான் இந்தப் பாதையில் நடக்கிற உரிமை வந்தது. அப்போது தீட்டு என்றார்கள். இப்போது நாய்ஸ், ஹைஜீன், பிராப்பர்ட்டி வேல்யூ என்கிறார்கள். "நாங்க சாதி பார்க்கிறதே இல்ல" என்று உடனே எழுத வராதீர்கள். பார்க்காமலே இருங்கள், சந்தோஷம். பாதையை மறிக்காமலும் இருங்கள்.

வீடியோவை நீக்கிவிடச் சொல்லி, அதைப் போட்ட என் தம்பிக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். நீக்க மாட்டான். அக்டோபர் 2 கிராம சபை, பள்ளிக்கூடத்து மைதானத்தில். நீங்களும் இந்த ஊராட்சிக்குத்தான் வீட்டுவரி கட்டுகிறீர்கள், ஓட்டு இங்கே இருந்தால் உங்களுக்கும் அங்கே பேச உரிமை உண்டு. பாதைக்கு எல்லைக்கல் நட்டு அளந்து தரச் சொல்லித் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஆட்சேபம் இருப்பவர்கள் வாருங்கள், அந்தத் தாத்தாவின் பேத்தியும் வருவாள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.