கும்பிடுற இடத்துல ஒரு மேசை போடுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது இது. கோவிலோ சர்ச்சோ மசூதியோ, எதுவா இருந்தாலும், கஷ்டப்படுறவங்களுக்கு உதவின்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது சோறு, துணி, ஆஸ்பத்திரி செலவு, படிப்பு செலவு. எல்லாம் வேணும்தான். ஆனா வீட்டைக் காலி பண்ணுன்னு நோட்டீஸ் கையில வச்சிக்கிட்டு நிக்கிறவருக்கும், ஜாமீன் எடுக்க ஆளில்லாம உள்ள கெடக்குறவருக்கும், உயிருக்குப் பயந்து வேற நாட்டுல வந்து தஞ்சம் கேக்குறவருக்கும் சோறு மட்டும் போதாதுங்க, அந்தப் பேப்பரைப் படிச்சு சொல்லவும் கோர்ட் வாசல்ல கூட நிக்கவும் ஒரு ஆள் வேணும்.

நான் கொஞ்ச காலம் அப்படி ஒரு சட்ட உதவி மையத்துல வாலண்டியரா இருந்தேன். வழிபாட்டு இடத்துக்குப் பின்னாடி ஒரு ரூம், ஒரு மேசை, நாலு நாற்காலி. வக்கீலம்மா வாரத்துல ஒரு நாள் வருவாங்க, அதுக்குள்ள பேப்பரையெல்லாம் தேதி வாரியா அடுக்கி வைக்கிறது எங்க வேலை. ஒருநாள் ஒரு வயசான அம்மா பிளாஸ்டிக் பையோட வந்தாங்க. மூணு ஆவணம், மூணுலயும் பேரு வேற வேற மாதிரி. ஒன்னுல அப்பா பேரோட, ஒன்னுல புருஷன் பேரோட, இன்னொன்னுல ஒரு எழுத்தே காணோம். இதனாலேயே அவங்க பென்ஷன் மனு ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு. மூணு பேருலயும் இருக்கது ஒரே ஆள்தான்னு ஒரு அபிடவிட், அதாவது சத்தியப் பத்திரம், போட்டா முடியுற விஷயம், அதைச் சொல்ல ஒருத்தரும் இல்ல. அந்தம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு கேட்டாங்க, "நான் உங்க சாமியக் கும்பிடுறவ இல்லையேப்பா, உள்ள வரலாமா?"

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மனசை அறுக்குது. நம்பிக்கையால உந்தப்பட்டு நான் செய்யலாம், ஆனா எதிர்ல இருக்கவங்க நம்பிக்கையை விலையா கேக்கக் கூடாது. இக்கட்டுல இருக்கவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது, அந்த நேரத்துல மதத்தை உள்ள கொண்டு வந்தா அது உதவியே இல்ல.

இதுல எனக்குப் பெரிய உதாரணம் சிலி நாடு. 1973ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சு ஆளுங்களைத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சப்ப கத்தோலிக்கர், லூத்தரன், யூதர்னு எல்லாரும் சேந்து அவங்களுக்கு உதவ ஒரு கமிட்டி போட்டாங்க, ராணுவ ஆட்சித் தலைவர் பினோசே நெருக்கடி குடுத்து 1975 கடைசியில அதை மூட வச்சாரு, கார்டினல் ராவுல் சில்வா 1976 ஜனவரியிலேயே சர்ச்சுக்குள்ள விக்காரியான்னு ஒரு அலுவலகத்தைத் திறந்துட்டாரு. காணாமப் போனவங்களுக்காக ஆயிரக்கணக்குல ஆட்கொணர்வு மனு போட்டாங்க, புடிச்சு வச்ச ஆளைக் கோர்ட்ல கொண்டாந்து நிறுத்துன்னு கேக்குற மனு அது. கோர்ட் கிட்டத்தட்ட எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணுச்சு. தோக்கும்னு தெரிஞ்சே போட்டாங்க, ஏன்னா ஒவ்வொரு மனுவிலயும் பேரு, தேதி, யாரு புடிச்சுட்டுப் போனா, யாரு பாத்தாங்கன்னு எழுத்துல ஏறிடுது இல்லையா. அப்படி ஆளே கெடையாதுன்னு அரசாங்கம் சாதிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, 1978 நவம்பர்ல சர்ச்சுக்கு வந்த ஒரு தகவலை வச்சு லோன்கென்ங்கிற இடத்துல பழைய சுண்ணாம்புக் காளவாசல்ல தேடுனா, 1973ல புடிச்சிட்டுப் போன 15 பேரோட எலும்பு. 1990ல ஜனநாயகம் திரும்பி நடந்த கொடுமையை விசாரிக்க உண்மை கமிஷன் உக்காந்தப்ப தள்ளுபடி ஆன அந்தப் பேப்பருங்கதான் சாட்சி ஆச்சு. அந்த ஆவணப் பிரிவைப் பாத்துக்கிட்ட ஹோசே மனுவேல் பராதா ஒரு கம்யூனிஸ்ட், 1985 மார்ச்ல அவரைக் கடத்தி கழுத்தை அறுத்துக் கொன்னாங்க. சர்ச்சோட ஃபைலைப் பாத்துக்கிட்டு உயிரைக் குடுத்தவரு ஒரு கம்யூனிஸ்ட்ங்க.

நம்ம பக்கம் ஸ்டேன் சாமி. விசாரணைக் கைதிகளா உள்ள கெடக்குற ஆதிவாசிப் பசங்களுக்காக 2017ல ஜார்க்கண்ட் ஹைகோர்ட்ல பொதுநல வழக்குப் போட்ட ஏசு சபை பாதிரியார், கடைசியில தானே விசாரணைக் கைதியாகி, ஜாமீன் மனு நிலுவையில இருக்கும்போதே 2021 ஜூலை 5ல 84 வயசுல போய்ச் சேந்தாரு. இத எழுதும்போது கை நடுங்குது எனக்கு.

இது ஒரு மதத்தோட சொத்தும் இல்ல. இஸ்லாத்துல கட்டாயமா குடுக்குற தானமான ஜகாத் யாருக்குப் போகலாம்ங்கிற எட்டு வகையில கடன்ல மூழ்குனவங்களும் அடிமைப்பட்டவங்களை மீட்குறதும் இருக்கு, யூதர்கள்ல சிறைப்பட்டவங்களை மீட்குறது ரொம்பப் பெரிய கடமை.

ஆனா ஒன்னு சொல்லியே ஆகணும். அடி வாங்கிட்டு வர்ற பொண்ணுகிட்ட "அனுசரிச்சுப் போம்மா, கடவுள் பாத்துக்குவாரு"ன்னு சொல்லித் திருப்பி அனுப்புறதும் இதே இடங்கள்லதான் நடக்குது. அடிச்சவன் நன்கொடை குடுக்குறவனா இருந்தா இன்னும் மோசம். அந்த ரூம்ல சொன்னது ரூமை விட்டு வெளிய போகக் கூடாது, பூசாரிக்கும் போதகருக்கும் இமாமுக்கும் கூடப் போகக் கூடாது. நல்ல மனசு மட்டும் இருந்தாப் பத்தாது, அப்பீல் கெடு ஒரு நாள் தவறினா ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துரும், அதனால படிச்ச வக்கீல் கட்டாயம் வேணும், அவங்களுக்கு சம்பளமும் குடுக்கணும். இதைக் காட்டி அரசாங்கம் தன் இலவச சட்ட உதவியைக் கைகழுவவும் விடக்கூடாது.

எங்க ரெஜிஸ்டர்ல நாலே கட்டம். பேரு, தேதி, பிரச்சனை, அடுத்த வாய்தா. அஞ்சாவதா மதம்னு ஒன்னு சேத்தா கணக்குக் காட்ட வசதியா இருக்கும்னு எங்க மையத்துக் கமிட்டியில ஒருத்தர் சொல்லிக் கோடும் போட்டப்ப, வக்கீலம்மா பேனாவை எடுத்து, போட்டிருந்த அந்தக் கோட்டை அடிச்சிட்டு, "அடுத்து யாரு, உள்ள வரச் சொல்லுங்க"ன்னாங்க.