கல்லுக்காகக் கடலை உடைக்க வேண்டுமா?

கடல் மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும், கூடவே வரும் கேள்வி "நல்ல லைவ் ராக் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். லைவ் ராக் என்றால் கடலிலிருந்து எடுத்த, சிற்றுயிர்கள் படர்ந்த கல். மீனைப் பற்றிய கேள்விகூட அதற்குப் பிறகுதான். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் பார்க்கும் காணொளிகளில் பாதி வெளிநாட்டில் எடுத்தவை. ஆனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு லைவ் ராக் தேடி அலைவது வேண்டாத வேலை. உயிர் எதுவும் ஒட்டாத, பவளம் அல்லாத காய்ந்த கல்லை வாங்குங்கள். உயிரை நாமே அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கல்லுக்குத் தொட்டியில் என்ன வேலை? மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா ஆகின்றன. கல்லின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடுகிறது. உழைப்பதெல்லாம் பாக்டீரியா, கல் அதற்கு வாடகை வீடு. வீடு கடலுக்கு அடியிலிருந்துதான் வர வேண்டும் என்று எந்த பாக்டீரியாவும் அடம்பிடிப்பதில்லை.

லைவ் ராக் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடு. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்த பவளமாயிற்றே என்ற சமாதானமும் செல்லாது. "ராமேஸ்வரத்துக் கல் சார், உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்" என்று யாராவது காதோடு சொன்னால், அந்த இடத்தில் மீன் தீனிகூட வாங்காதீர்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளக் கல்லைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று கடல்மட்டத்துக்கு மேலே இல்லை; பவளம் வெட்டியதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். தூத்துக்குடிக்கு எதிரே சுருங்கிக்கொண்டே வந்த வான் தீவைக் காப்பாற்ற, அரசு செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது. ஒருபக்கம் கான்கிரீட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, மறுபக்கம் வரவேற்பறைக்காகக் கல்லைப் பெயர்த்து வருவது எந்த ஊர் நியாயம்? அமெரிக்காவின் புளோரிடாவிலேயே இயற்கைப் பாறையை எடுக்கும் தொழிலை 1997க்குள் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே குத்தகைக்கு எடுத்த கடலடியில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டு, உயிரினங்கள் படர்ந்த பிறகு எடுத்து விற்கிறார்கள்.

லைவ் ராக்கில் பல்லுயிர் வரும் என்பார்கள். வரும். ஐப்டேசியா என்ற கடல் அனிமோனும் வரும். ஒன்றைக் கிள்ளினால் துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். இரவில் தொட்டிக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்டு மீன்கள் குறைந்துகொண்டே வந்தால், கல் இடுக்கில் மீனை வேட்டையாடும் ஒரு மாண்டிஸ் இறால் குடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பெட்டியில் அடைத்து நீண்ட தூரம் வந்த கல்லில் பாதி உயிர்கள் செத்து அழுகிவிடுவது தனிக்கதை. நல்ல கல்லில் கடல் வாசம் வீசும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது தொட்டிக்கு ஆகாது.

காய்ந்த கல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது? கையில் எடுங்கள். பார்வைக்குப் பெரிதாகவும் எடையில் குறைவாகவும் இருக்க வேண்டும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு ஓடினால் வேண்டாம். சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் உள்ளே துளைகள் இருக்கின்றன. கிரானைட்டும் ஆற்றுக் கூழாங்கல்லும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். செராமிக் கல் நன்றாகவே வேலை செய்யும். தொட்டித் தண்ணீர் எட்டு லிட்டருக்கு ஒரு கிலோ கல் என்ற பழைய கணக்கை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. கிலோ கணக்கில் விற்பவருக்குத்தான் கனமான கல் லாபம்.

வாங்கியதும் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். ஒரு டிரம்மில் உப்புநீரும் ஒரு பம்பும் வைத்து, வெளிச்சம் படாமல் சில வாரங்கள் ஊற வையுங்கள். பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் கல்லிலிருந்து கசிந்தால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பாக்டீரியா திரவம் கொஞ்சம், அம்மோனியா கொஞ்சம் விட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை சோதித்துப் பாருங்கள். நன்றாக நடக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒரு சிறு கல் கொடுத்தால் இன்னும் விரைவு, அதில் ஐப்டேசியா இல்லாதவரை. முதல் சில மாதங்களுக்குப் பழுப்புப் படலமும் நூல் பாசியும் கண்ணை உறுத்தும். காய்ந்த கல்லின் உண்மையான குறை இதுதான், மறைக்க மாட்டேன். பலரும் விரும்பும் ஊதா நிறப் பூச்சு (கல்லில் படரும் சுண்ணாம்புப் பாசி) வர இன்னும் காலம் பிடிக்கும்.

இன்னொன்று: கல்லைத் தொட்டியின் அடிக்கண்ணாடி மேலேயே உட்கார வைத்துவிட்டு, மணலைப் பிறகு கொட்டுங்கள். மணல் மேல் அடுக்கினால், பிஸ்டல் இறால் அடியில் குழி பறித்து ஒரு நாள் மொத்தத்தையும் சாய்த்துவிடும்.